மருந்துப் பெட்டியும் காவியுடையும்

உள்ளத்தில் மெய்யுணர்வு பிறப்பது ஒன்று. பிறந்த மெய்யுணர்வு கைகால்களின் தொழிலாக மாறுவது மற்றொன்று. முன்னது ஒரு கணத்தில் நிகழ்ந்துவிடலாம். பின்னதற்கு ஓர் ஆயுளே வேண்டும். திருவள்ளுவர் அறத்துப்பாலில் இல்லறத்தை முன்னும் துறவறத்தைப் பின்னும் அமைத்தார். அவ்விரண்டுக்கும் இடையிலான எல்லை எங்கே இருக்கிறது, அகத்தில் கண்டதை அன்றாட வாழ்வில் கடைப்பிடிக்க மனிதன் எங்கே நிற்க வேண்டும் என்பது தமிழ்ச் சிந்தனை நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் பொருள்.

இந்த வினாவை ஏட்டில் ஆராய்ந்ததோடு நில்லாமல் வாழ்ந்தும் பார்த்தவர்களுள் ஒருவர் சுவாமி சிவானந்தர். உலகம் அவரை இமயத்தின் அடிவாரத்திலுள்ள ரிஷிகேசத்தோடு சேர்த்தே நினைக்கிறது. ஆனால், காவியுடை தரிப்பதற்கு முன்னர் அவர் டாக்டர் குப்புசாமி என்னும் பெயரோடு மலாயா மண்ணில் பத்தாண்டுகள் மருத்துவம் செய்தவர். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர் பலர் அந்தப் பத்தாண்டுகளைச் சில பத்திகளில் கடந்து விடுகின்றனர். துறவு வாழ்க்கைக்கு அது வெறும் முன்னுரை எனக் கருதுகின்றனர். உண்மையில் அவருடைய ஆன்மிகத்தின் அடித்தளம் அமைந்த இடமே மலாயாத் தோட்டப்புறம்தான் என்று கொள்வதற்கு அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் சான்று தருகிறது.

பத்தமடையிலிருந்து சிங்கப்பூர் வரை

திருநெல்வேலிச் சீமையில் கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற ஊர் பத்தமடை. அவ்வூரில் 1887ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் குப்புசாமி பிறந்தார். தந்தையார் வேங்கு ஐயர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வருவாய்த்துறை அலுவலராகப் பணியாற்றியவர். தாயார் பார்வதி அம்மாள். அத்வைத நூல்கள் பல இயற்றிய அப்பைய தீட்சிதரின் மரபில் வந்த குடும்பம் அது. எட்டயபுரத்துப் பள்ளியில் படித்து, திருச்சிராப்பள்ளிக் கல்லூரியில் சேர்ந்து, பின்னர் 1905ஆம் ஆண்டு தஞ்சாவூரில் மருத்துவம் பயிலத் தொடங்கினார் குப்புசாமி.

தந்தையாரின் மறைவு படிப்பைத் தடைப்படுத்தியது. ஆயினும் மருத்துவத்தின்மேல் அவர் கொண்ட பற்று தளரவில்லை. 1909ஆம் ஆண்டு, அன்னையார் தந்த நூறு ரூபாயை முதலாகக் கொண்டு 'அம்ப்ரோசியா' என்னும் மருத்துவ இதழைத் தொடங்கினார். அமுதம் என்பது அச்சொல்லின் பொருள். நோய்களின் தன்மை, உடல்நலம் காக்கும் வழி, எளிய மருந்துகள் ஆகியவற்றைப் பொதுமக்களுக்கு விளக்குவதே அவ்விதழின் நோக்கம். அறிந்ததைத் தன்னிடமே வைத்துக்கொள்ளக் கூடாது என்னும் இயல்பு துறவுக்கு முன்பே அவரிடம் வேரூன்றி இருந்தது.

1913ஆம் ஆண்டு அவர் கடல் கடந்தார். ஆசாரம் மிக்க குடும்பத்தில் பிறந்தவர் கடல் கடப்பதை உறவினர் எளிதாக ஏற்காத காலம் அது. கப்பல் உணவைத் தொட மனமின்றி, வீட்டிலிருந்து கொண்டு சென்ற இனிப்புப் பண்டங்களையே உண்டு நாள்களைக் கழித்ததையும், அரை உயிரோடு சிங்கப்பூரில் கரையேறியதையும் அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். அங்கிருந்து அவர் சென்றடைந்த இடம் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தலைநகரான சிரம்பான்.

தோட்டத்து மருத்துவமனை

1913ஆம் ஆண்டின் மலாயா எப்படி இருந்தது என்பதை நினைவிற் கொண்டால்தான் அங்கு ஒரு மருத்துவர் கண்டதென்ன என்பது விளங்கும். ரப்பரின் விலை 1910ஆம் ஆண்டில் உச்சத்தைத் தொட்டது. காடுகள் வெட்டி வீழ்த்தப்பட்டு, மலைச்சரிவுகளெல்லாம் தோட்டங்களாயின. இந்தியத் தொழிலாளரை ஒப்பந்த முறையில் கொண்டுவரும் வழக்கம் 1910ஆம் ஆண்டு முடிவுக்கு வந்தது. கங்காணி முறையின்கீழ்த் தமிழர்கள் கூட்டங்கூட்டமாக வந்து சேர்ந்தனர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, பால்மரக் காட்டில் உழைத்து, மாலையில் லயத்து வீட்டுக்குத் திரும்பும் வாழ்க்கை அது.

அவ்வாழ்க்கையின் நிழலாக இருந்தது காய்ச்சல். மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்னும் உண்மையை 1897ஆம் ஆண்டில் ரொனால்டு ராஸ் இந்தியாவில் கண்டறிந்தார். மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் 1901ஆம் ஆண்டு முதல் கிள்ளான் பகுதியில் சதுப்பு நீரை வடித்து அந்நோயைக் குறைத்துக் காட்டினார். ஆனால், மலைப்பாங்கான நிலங்களில் நிலைமை வேறாக இருந்தது. மரங்களை வெட்டியதும் ஓடைகள் வெயிலுக்குத் திறந்துகொண்டன. வெயில்படும் தெளிந்த நீரில் வளரும் ஒருவகைக் கொசு அவ்விடங்களில் பெருகியது. காடு திருத்திய கைகளே காய்ச்சலுக்கு வழி திறந்துவிட்டன. காய்ச்சலோடு வயிற்றுக்கடுப்பும், வெறுங்காலின் வழியே உடலுக்குள் புகும் கொக்கிப்புழுவும் தொழிலாளரின் இரத்தத்தை உறிஞ்சின. 1918ஆம் ஆண்டில் உலகைச் சூறையாடிய விஷக்காய்ச்சல் மலாயாத் தோட்டங்களையும் விட்டு வைக்கவில்லை.

இத்தகைய சூழலில்தான் சிரம்பான் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து மருத்துவமனையின் பொறுப்பு குப்புசாமியிடம் வந்தது. ஒரு மருத்துவமனையைத் தனியே நடத்த முடியுமா என்று தோட்டத்துரை கேட்டபோது, மூன்றையும் நடத்த முடியும் என்று அவர் துணிவோடு விடையிறுத்தார். ஏறத்தாழ ஏழாண்டுகள் அங்குப் பணியாற்றிய பின்னர், ஜொகூர் பாருவில் இருந்த ஒரு மருத்துவ நிலையத்தில் மூன்றாண்டுகள் பணிபுரிந்தார். வீட்டு மருந்துகள், பழங்களும் உடல்நலமும், மகப்பேறு, பொதுச் சுகாதாரம் ஆகியன குறித்து அவர் நூல்கள் எழுதினார். நோய்ப் பெயர்களுக்குரிய தமிழ்ச் சொற்களைத் தொகுத்தும் ஒரு நூல் வெளியிட்டார். ஆங்கிலம் கற்ற மருத்துவருக்கும் தமிழன்றி வேறு மொழி அறியாத நோயாளிக்கும் இடையே ஒரு பாலம் தேவை என்பதைத் தோட்ட மருத்துவமனையின் அன்றாட அனுபவம் அவருக்கு உணர்த்தியிருக்க வேண்டும்.

ஏழைகளிடம் அவர் கட்டணம் கேட்பதில்லை. நோய் தீர்ந்து வீடு திரும்புவோர்க்குச் சத்துணவு வாங்கிக் கொள்ளக் கைப்பொருளும் கொடுத்தனுப்புவார். இரவு முழுதும் நோயாளியின் படுக்கையருகே அமர்ந்திருந்த நாள்களும் உண்டு. அதே வேளையில் அவர் முற்றத் துறந்த முனிவராகவும் இருக்கவில்லை. நல்ல உடை, பொன் மோதிரம், சந்தனமரக் கைவினைப் பொருள்கள் ஆகியவற்றில் அவருக்கு மிகுந்த விருப்பம் இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மோதிரங்களை ஒருசேர அணிந்து மகிழ்ந்ததை அவர் பிற்காலத்தில் மறைக்கவில்லை. ஈகையும் ஆசையும் ஒரே உள்ளத்தில் ஒன்றாகக் குடியிருந்தன. பெரும்பாலான மனித உள்ளங்களின் நிலையும் அதுதானே!

விழிப்பு

விழிப்பு என்பது வானிலிருந்து விழும் மின்னலாகவே பலராலும் கற்பனை செய்யப்படுகிறது. குப்புசாமியின் வாழ்வில் அது அவ்வாறு நிகழவில்லை. அவர் மருத்துவம் செய்துவந்த துறவி ஒருவர் வேதாந்த நூல் ஒன்றை அவருக்குக் கொடுத்தார். அந்நூல் உள்ளே ஒரு பொறியை இட்டது. அதன் பின்னர் ஆதிசங்கரர், விவேகானந்தர், இராமதீர்த்தர் ஆகியோரின் நூல்களையும் விவிலியத்தையும் அவர் ஆழ்ந்து படித்தார். இறைவழிபாடும் பஜனையும் யோகப் பயிற்சியும் அவருடைய நாள்களில் இடம்பெற்றன. பணியும் பயிற்சியும் ஆண்டுக்கணக்கில் இணைந்தே நடந்தன.

அந்த நூல் விதை என்றால், அதை ஏற்ற நிலம் மருத்துவமனை. கொய்னா மருந்தால் காய்ச்சல் தணிந்த தொழிலாளி அதே லயத்துக்கும் அதே கொசுவுக்கும் திரும்புகிறான். சில கிழமைகளில் அதே படுக்கைக்கு மீண்டும் வருகிறான். ஓர் உடலைப் பலமுறை மீட்டாலும் முடிவில் அது மடியவே செய்கிறது. நாள்தோறும் துன்பத்தைக் கண்டுவந்த மருத்துவருக்கு, அன்றாட அலுவல்களுக்கு மேற்பட்ட பணி ஒன்று வாழ்வில் இல்லையா, அழியாத இன்பம் ஒன்று இல்லையா என்னும் வினாக்கள் எழுந்தன. உடல்நோயின் மூலத்தைத் தேடப் பழகிய அறிவு, துன்பத்தின் மூலத்தையே தேடத் தலைப்பட்டது.

1923ஆம் ஆண்டு அவர் மலாயாவை விட்டுப் புறப்பட்டார். நல்ல வருவாயும் சமூக மதிப்பும் கைகூடியிருந்த காலத்தில், முப்பத்தைந்து வயதை எட்டிய நிலையில் அவர் எடுத்த முடிவு அது. இந்தியா திரும்பியவர் சொந்த ஊரில் தங்கி வாழவில்லை. யாத்திரிகராக வடக்கு நோக்கி நடந்தார். மகாராஷ்டிரத்தில் ஓர் அஞ்சல் அலுவலரின் இல்லத்தில் சில காலம் சமையல் வேலை செய்தார். பலருக்கு ஆணையிட்டுப் பழகிய மருத்துவர், பிறர் வீட்டு அடுப்படியில் பணிவைப் பயின்றார். அவ்வீட்டினர் காட்டிய வழியில் 1924ஆம் ஆண்டு ரிஷிகேசம் சென்றடைந்தார். அவ்வாண்டு ஜூன் முதல் நாள் கங்கைக் கரையில் விசுவானந்த சரசுவதி என்னும் துறவி அவருக்குத் தீட்சை அளித்தார். குப்புசாமி அன்று சிவானந்தரானார்.

துறவியின் கையில் மருந்துப் பெட்டி

இங்கேதான் அவருடைய வரலாறு வழக்கமான துறவியரின் வரலாற்றிலிருந்து விலகுகிறது. தொழிலைத் துறந்து காடு புகுந்தவர் மீண்டும் அத்தொழிலைத் தொடமாட்டார் என்றே எவரும் எண்ணுவர். சிவானந்தரோ சுவர்க்காசிரமப் பகுதியில் ஒரு சிறு குடிலில் தங்கிக் கடுந்தவம் புரிந்தபோதும், நோயுற்ற சாதுக்களைத் தேடிச் சென்று மருந்து கொடுத்தார். அவர்களுடைய உடலைத் துடைத்து உணவூட்டினார். தம்மிடமிருந்த பழைய காப்புறுதிப் பத்திரம் ஒன்றின் தொகை கைக்கு வந்தபோது, அதைக்கொண்டு லட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். பத்ரிநாத்துக்கும் கேதார்நாத்துக்கும் நடந்தே செல்லும் யாத்திரிகர்கள் அவ்வழியாகப் போய்வந்தனர்.

அம்மருந்தகத்தைப் பற்றி அவருடைய மாணாக்கர்கள் வழங்கிவரும் செய்தி ஒன்று உண்டு. ஒரு மாலையில் யாத்திரிகர் ஒருவருக்கு மருந்து கொடுத்தனுப்பினார் சிவானந்தர். இரவில், அந்நோய்க்கு வேறொரு மருந்து இன்னும் சிறந்தது என்பது அவர் நினைவுக்கு வந்தது. பொழுது விடியுமுன் எழுந்து அம்மருந்தோடு மலைப்பாதையில் ஓடினார். யாத்திரிகர் அதற்குள் நெடுந்தொலைவு போய்விட்டிருந்தார். பல மைல் ஓடி, அவரைக் கண்டு, மருந்தைக் கொடுத்துவிட்டே திரும்பினார். தியானத்துக்குரிய விடியற்காலையை மலைப்பாதையில் கழித்ததை அவர் இழப்பாகக் கருதவில்லை. அந்த ஓட்டத்தையும் அவர் வழிபாடாகவே எண்ணினார்.

பிற்காலத்தில் தம் போதனையை அவர் சுருங்கக் கூறியபோது, தொண்டை முதற்படியாகவும் அன்பு, ஈகை, தூய்மை ஆகியவற்றை அடுத்தடுத்த படிகளாகவும் வைத்து, தியானத்தையும் மெய்யுணர்தலையும் அவற்றின் பின்னரே வைத்தார். இந்த வரிசை தற்செயலாக அமைந்ததன்று. தொண்டினால் உள்ளத்தின் மாசு கழியாமல் தியானத்தில் அமர்பவன் தன் ஆசைகளோடுதான் அமர்வான் என்பது அவருடைய கருத்து. தோட்ட மருத்துவமனையில் அவர் கற்றதும் அந்த வரிசைதான். முதலில் நோயாளி, பின்னரே நூல்.

வீடு தேடி வந்த ஆசிரமம்

1934ஆம் ஆண்டு அவர் கங்கையின் மறுகரைக்கு மாறினார். கைவிடப்பட்டுச் சிதைந்து கிடந்த ஒரு சிறு கட்டடத்தில் சில மாணாக்கரோடு தங்கினார். 1936ஆம் ஆண்டு தெய்வீக வாழ்க்கைச் சங்கம் அறக்கட்டளையாகப் பதிவு பெற்றது. 1948ஆம் ஆண்டு யோக வேதாந்தக் கல்வி நிலையம் உருவாயிற்று. மருந்தகம் வளர்ந்து மருத்துவமனையாயிற்று. தொழுநோயாளருக்கான தொண்டும் ஆசிரமத்தின் பணிகளுள் ஒன்றாயிற்று.

இவையனைத்திலும் எளியதும் ஆழமானதுமான ஓர் ஏற்பாடு, அவர் வகுத்துத் தந்த ஆன்மிக நாட்குறிப்பு. எத்தனை மணிக்கு விழித்தெழுந்தாய்? எவ்வளவு நேரம் தூங்கினாய்? எவ்வளவு நேரம் தியானம் செய்தாய்? எத்தனை பொய் சொன்னாய்? எத்தனை முறை சினம் கொண்டாய்? பயன் கருதாத தொண்டில் எவ்வளவு நேரம் செலவிட்டாய்? எவ்வளவு தருமம் செய்தாய்? இத்தகைய வினாக்கள் ஒரு தாளில் கட்டங்கட்டமாக அச்சிடப்பட்டிருக்கும். நாள்தோறும் விடை எழுதி, மாத முடிவில் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள வேண்டும். பொய்க்கும் சினத்துக்கும் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட தண்டனையையும் அதில் குறிக்க வேண்டும்.

மருத்துவமனைக் கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் காய்ச்சல் அட்டையை அந்த நாட்குறிப்பு நினைவூட்டுகிறது. வெப்பம் ஏறியதையும் இறங்கியதையும் வேளைதோறும் குறித்தால்தான் நோயின் போக்குத் தெரியும். உள்ளத்தின் நோய்க்கும் அவ்வாறே கணக்கு வேண்டும் என்று மருத்துவத் துறவி கண்டார். மெய்யுணர்வைப் பெருஞ்சொற்களில் போற்றுவது எளிது. நேற்று எத்தனை பொய் சொன்னோம் என்று எண்ணிப் பார்ப்பது கடினம். பேரின்பத்தைப் பற்றிய பேச்சை ஒரு நாளின் கணக்காக இறக்கி வைத்த இந்த எளிமையே, அகத்தையும் அன்றாடத்தையும் இணைக்க அவர் கண்ட வழி.

இந்த வழியை அவர் அஞ்சலில் அனுப்பினார். எழுத்தரும் ஆசிரியரும் வழக்கறிஞரும் இல்லத்தரசியரும் அவருக்கு மடல் எழுதினர். ஓயாமல் விடை எழுதினார். அவர் எழுதிய நூல்கள் ஏறத்தாழ முந்நூறு என்பர். அவற்றுள் பல இலவசமாகவே வழங்கப்பட்டன. ரிஷிகேசத்துக்கு வர இயலாதவரின் வீட்டுக்கு ஆசிரமமே உறையில் அடங்கி வந்து சேர்ந்தது. பத்துமலை அருகே அமைந்த சிவானந்த ஆசிரமமும் சிங்கப்பூரில் இயங்கிய தெய்வீக வாழ்க்கைச் சங்கமும், அவர் முன்பு மருத்துவராக வாழ்ந்த நிலப்பகுதிக்கு அவருடைய கருத்தைத் திரும்பக் கொண்டுவந்தன.

கோடரியின் சோதனை

கொள்கை உண்மையா என்பதைச் சோதிக்கும் நாள் ஒன்று எவருக்கும் வரும். சிவானந்தருக்கு அது 1950ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் வந்தது. மாலை வழிபாட்டுக் கூட்டத்தில், ஆசிரமத்தில் தங்கியிருந்த ஒருவர் கோடரியால் அவரைத் தாக்கினார். குளிருக்காகச் சுற்றியிருந்த தலைப்பாகையும் கோடரியின் இலக்குத் தவறியதும் அவர் உயிரைக் காத்தன. சூழ இருந்தோர் கொதித்தெழுந்தனர்; காவலரும் வந்தனர். சிவானந்தரோ வழக்குத் தொடுக்க இசையவில்லை. மறுநாள் தாக்கியவரைக் கண்டு வணங்கினார். மந்திர உபதேசமும் நூல்களும் கொடுத்தார். துணையோடு புகைவண்டியில் அவருடைய சொந்த ஊருக்கு அனுப்பி வைத்தார்.

இதனைத் தெய்விகப் பொறுமை என்று மட்டும் கூறிக் கடந்துவிடுதல் போதாது. காய்ச்சலின் வேகத்தில் பிதற்றிக் கையை ஓங்கும் நோயாளியிடம் மருத்துவர் சினம் கொள்வதில்லை. அம்மனிதரையும் தண்டனைக்குரியவராகக் காணாமல் சிகிச்சைக்குரியவராகவே சிவானந்தர் கண்டார் என்று கொள்ளலாம். பல ஆண்டுகளாக நாட்குறிப்பில் சினத்தைக் கணக்கிடச் சொன்னவரின் சொந்தக் கணக்கு அன்று அனைவர் முன்னிலையிலும் திறந்து காட்டப்பட்டது.

1958ஆம் ஆண்டு மற்றொரு வகை நோயாளி அவரிடம் வந்தார். இராமேசுவரத்து இளைஞர் ஒருவர் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குச் சென்றிருந்தார். இருபத்தைவருள் ஒன்பதாம் இடம் பெற்றார்; எடுக்கப்பட்டவரோ எண்மர். கனவு கலைந்த நிலையில் ரிஷிகேசம் சென்று சிவானந்தரைக் கண்டார். இசுலாமியராகிய தம்மிடம் அவர் எவ்வித வேறுபாடும் காட்டாமல் துயரத்தின் காரணம் கேட்டதையும், தோல்வியை ஏற்று முன்னேறும் துணிவை ஊட்டியதையும் அவ்விளைஞர் பின்னாளில் 'அக்னிச் சிறகுகள்' நூலில் நன்றியோடு பதிவு செய்தார். அவரே இந்தியக் குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாம். அவருக்குச் சிவானந்தர் காவியுடையைக் காட்டவில்லை. அவருக்குரிய வேலைக்கே திரும்பச் செய்தார்.

இருவேறு வழிகள், ஒரே மருந்து

சிவானந்தர் வாழ்வில் முரண்பாடே இல்லை என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. இல்லத்திலிருந்தே மெய்யுணர்வு பெறலாம் என்று ஆயிரக்கணக்கானோர்க்கு எழுதியவர், தாம் வீட்டை விட்டு வெளியேறியவர். கேட்டவர்க்கெல்லாம் தாராளமாகத் துறவு தந்தார் என்றும், அவருடைய நூல்களில் கூறியது கூறல் மிகுதி என்றும் குறை கூறியோர் உண்டு. மருந்தைக் கஞ்சத்தனமின்றி வழங்குபவர்மீது எழக்கூடிய குறைகளே இவை. ஆனால், முதலாவது முரண்பாடு ஆழமானது. வெளியேறுதல் ஒருவருக்கு மருந்தாகலாம். அதையே ஊர் முழுமைக்கும் கொடுத்தல் மருத்துவமாகாது. நோயாளிக்கு நோயாளி மருந்து மாறும் என்பதை அறிந்தவர் அவர். ஆகவேதான் அவரிடமிருந்து புறப்பட்டவர்களின் வழிகளும் பலவாயின. சின்மயானந்தர் நகரத்து மக்களிடையே கீதை வகுப்புகள் நடத்தினார். விஷ்ணுதேவானந்தர் மேலைநாடுகளில் யோகம் பரப்பினார். சிதானந்தர் தொழுநோயாளர் தொண்டில் ஈடுபட்டு, ஆசானுக்குப் பின் சங்கத்தை 2008ஆம் ஆண்டு வரை வழிநடத்தினார்.

1963ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் சிவானந்தர் மறைந்தார். அவர் பணிபுரிந்த காலத்து மலாயா இன்று இல்லை. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. லயத்து வீடுகளில் பிறந்தோரின் மக்கள் நகரங்களில் வாழ்கின்றனர். பெரட்டு மணி ஓய்ந்தாலும் அலுவலக மணி ஓயவில்லை. வேலைக்கு ஒரு மனமும் வழிபாட்டுக்கு ஒரு மனமும் வைத்து வாழும் பிளவு குறைந்ததாகவும் தெரியவில்லை. கோவிலில் கூப்பிய கை கடைவீதியில் பொய்க்கணக்கு எழுதுமானால், கூப்பியதன் பயன் எங்கே போயிற்று?

இதற்கு டாக்டர் குப்புசாமியின் வாழ்க்கை ஒரு விடை தருகிறது. மலாயாவில் காவியின்றியே அவர் தொண்டு செய்தார். ரிஷிகேசத்தில் காவியோடும் மருந்துப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. உடை மாறியது, ஊர் மாறியது, பெயரும் மாறியது. நோயாளியின் பக்கத்தில் அமரும் பழக்கம் மட்டும் மாறவே இல்லை. மெய்யுணர்வு பெற்றேன் என்று ஒருவர் கூறும்போது, அவர் எதை விட்டார் என்று கேட்பது உலக வழக்கம். எதை விடாமல் பற்றிக்கொண்டார் என்றும் கேட்க வேண்டும் என்பதே சிரம்பான் தோட்டத்து மருத்துவர் தமிழர்க்கு விட்டுச் சென்ற பாடம்.